லைன் கோளாறா, லேப்டாப் கோளாறா?

அன்புள்ள கும்பகோணம் வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். கொல்லைப்பக்க அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித்தருகிறீர்கள். வர்ணத்தின் நடுவில் மாணவியின் முகம் அப்படியே நின்றுவிடுகிறது. திரையில் ‘நோ இன்டர்நெட், செக்யூர்டு’ என்று வருகிறது. கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிறது, மறுபடி போகிறது. இணைப்பு கொடுத்த நிறுவனத்திலிருந்து வந்த தம்பி ரேழியில் நின்று தன் செல்போனில் வேகத்தை அளந்து காட்டி, “லைன் நல்லா இருக்கும்மா, உங்க லேப்டாப்தான் பழசு” என்று சொல்லிவிட்டுப் போனார். லேப்டாப் கடைக்காரர் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டு, “லேப்டாப்ல ஒண்ணுமில்ல, லைன்தான்” என்று அனுப்பிவிட்டார். செலவு ஆனதுதான் மிச்சம். வகுப்பு அறுந்துகொண்டே இருக்கிறது.

இதே நிலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால்தான் பதிலைத் தனியாக அனுப்பாமல் இங்கே எழுதுகிறேன். எனக்கு வருத்தம் தருவது ஒன்றுதான். இந்த இரண்டு பேரில் ஒருவர்கூட நீங்கள் பாடம் நடத்தும் அறையில், நீங்கள் பாடம் நடத்தும் நேரத்தில், அந்த லேப்டாப்பை வைத்துப் பார்க்கவில்லை. ரேழியில் அளந்த வேகம் ரேழிக்குத்தான் சாட்சி. கோளாறு எங்கே என்று தெரிந்துகொள்ள இப்போதைக்குப் புது ரவுட்டரும் வேண்டாம், புது லேப்டாப்பும் வேண்டாம். நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

கரண்ட் போனால் நாம் உடனே ஃபியூஸைப் பிடுங்குவதில்லை. வாசலுக்குப் போய்த் தெருவில் வெளிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். தெரு முழுக்க இருட்டு என்றால் அது ஈ.பி.காரர் பாடு, நம் வீடு மட்டும்தான் என்றால் நம் பாடு. இணையத்திலும் முதலில் செய்ய வேண்டியது இந்தப் பிரிப்புதான். தெருவிலிருந்து ரேழியில் இருக்கும் பாக்ஸ் வரை வருவது ஃபைபர். அது நிறுவனத்தின் பொறுப்பு. பாக்ஸிலிருந்து உங்கள் லேப்டாப் வரை காற்றில் வருவது வைஃபை. அது உங்கள் வீட்டுச் சுவர்களுக்குள் நடக்கிற விஷயம். இரண்டையும் ஒன்றாக வைத்து ‘நெட் வரலை’ என்று சொல்கிறவரை, வருகிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் கை காட்டிக்கொண்டுதான் இருப்பார்கள்.

“ஆனால் என் போனில் மட்டும் எப்போதும் வருகிறதே” என்று எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் சரிபார்த்துவிடுங்கள். இப்போதைய போன்கள் பலவும் வைஃபை தடுமாறினால் சத்தமில்லாமல் சிம் கார்டின் டேட்டாவுக்குத் தாவிவிடும். சில போன்களில் மேலே வைஃபை சின்னம் அப்படியே இருக்கும். படம் ஓடிக்கொண்டிருப்பது சிம்மில். ஆகவே போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே கொல்லைப்பக்க அறையில், லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். லேப்டாப் நிற்கும்போது போனும் நின்றால், கடைக்காரர் லேப்டாப்பை அழித்தது வீண் வேலை. போன் ஓடி லேப்டாப் மட்டும் நின்றால்தான் லேப்டாப்மேல் சந்தேகப்பட நியாயம் உண்டு.

அடுத்தது பாக்ஸின் விளக்குகள். ‘பான்’ என்று எழுதியிருப்பது பச்சையாக அசையாமல் எரிய வேண்டும். ‘எல்ஓஎஸ்’ என்பது அணைந்திருக்க வேண்டும். அது சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். அப்போது வீட்டுக்குள் நீங்கள் எதைத் தொட்டாலும் பயனில்லை, போன் செய்து ஆளைத்தான் கூப்பிட வேண்டும். அதற்கு முன் பாக்ஸின் பின்னால் செருகியிருக்கும் மெல்லிய ஃபைபர் வயர் எங்காவது கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறதா, ஆணியில் மடித்துக் கட்டியிருக்கிறார்களா என்று ஒரு பார்வை பாருங்கள். அது கண்ணாடி இழை. கொடிக்கயிறு மாதிரி மடக்கினால் ஒளி அந்த வளைவிலேயே வெளியே கசிந்துவிடும். இழுக்க வேண்டாம், தளர்த்தி விட்டால் போதும்.

இனி உங்களுக்கு நான் சொல்ல விரும்பிய முக்கியமான சோதனை. இரண்டு பேரின் வாக்குவாதத்தையும் தீர்த்து வைப்பது இதுதான். லேப்டாப்பில் விண்டோஸ் பொத்தானை அழுத்தி, ஆங்கிலத்தில் சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளை அடித்து என்டர் தட்டுங்கள். ஒரு கறுப்பு ஜன்னல் திறக்கும். அதில் ‘ஐபிகான்ஃபிக்’ என்பதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக அடியுங்கள். வரும் பட்டியலில் வைஃபை என்ற தலைப்பின்கீழ் இரண்டு வரிகள் நமக்கு வேண்டும். ஒன்று ‘ஐபிவி4 அட்ரஸ்’. அது வீட்டுக்குள் உங்கள் லேப்டாப்புக்கு ரவுட்டர் கொடுத்திருக்கும் முகவரி. பெரும்பாலான வீடுகளில் 192.168 என்று தொடங்கும். இன்னொன்று ‘டீஃபால்ட் கேட்வே’. அது ரவுட்டரின் சொந்த முகவரி, 192.168.1.1 என்பதுபோல இருக்கும்.

உங்கள் முகவரி 169.254 என்று தொடங்கினால் அங்கேயே நின்றுவிடுங்கள். ‘முகவரி கொடு’ என்று லேப்டாப் கேட்டும் ரவுட்டரிடமிருந்து பதில் வராததால், தானே ஒரு தற்காலிக முகவரியைப் போட்டுக்கொண்டிருக்கிறது. அதை வைத்து வெளியுலகத்துக்குப் போக முடியாது. வைஃபையை அணைத்துப் போடுங்கள். அப்படியும் வராவிட்டால் அந்த வைஃபை பெயரை ‘ஃபர்கெட்’ கொடுத்து மறக்கச் சொல்லி, பாஸ்வேர்டு போட்டு மறுபடி சேருங்கள். அதற்கும் மசியாவிட்டால் ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். வழக்கமாக இந்த மூன்றில் ஒன்றில் சரியாகிவிடும்.

முகவரி ஒழுங்காக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அந்தக் கறுப்பு ஜன்னலில் ‘பிங்’ என்று அடித்து, ஓர் இடம் விட்டு, கேட்வே எண்ணை அடித்து, மறுபடி ஓர் இடம் விட்டு, ஒரு கோடும் ‘டி’ என்ற ஆங்கில எழுத்தும் போட்டு என்டர் தட்டுங்கள். பிங் என்பது 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்க நிரலாளர், தான் வேலை பார்த்த ராணுவ ஆய்வுக்கூடத்து வலையமைப்பில் வந்த கோளாறைக் கண்டுபிடிக்க அவசரமாக எழுதிய சின்னஞ்சிறு நிரல். இத்தனை வருஷம் கழித்தும் ஏறக்குறைய எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. அது செய்வதெல்லாம், ‘இருக்கிறாயா?’ என்று ஒரு சிறு செய்தி அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று எழுதிக் காட்டுவதுதான். கோடும் டி எழுத்தும் போட்டால் நீங்கள் கண்ட்ரோல் பொத்தானோடு ‘சி’யைச் சேர்த்து அழுத்தி நிறுத்தும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும்.

இன்னொரு கறுப்பு ஜன்னலைத் திறந்து அதே மாதிரி, ஆனால் 8.8.8.8 என்ற எண்ணுக்குப் பிங் போடுங்கள். அது கூகுள் நிறுவனம் 2009 முதல் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து வைத்திருக்கும் ஒரு சர்வரின் முகவரி. முதல் ஜன்னல் ரேழி வரை போய் வருகிறது. இரண்டாவது உங்கள் தெருவைத் தாண்டிப் போய் வருகிறது. இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு வழக்கம்போல வகுப்பைத் தொடங்குங்கள்.

படம் உறையும் அந்த நொடியில் ஜன்னல்களைப் பாருங்கள். இரண்டாவது ஜன்னலில் மட்டும் ‘ரெக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று வந்து, முதல் ஜன்னல் கலங்காமல் 2, 3, 5 என்று ஓடிக்கொண்டிருந்தால், உங்கள் வைஃபைமேல் குற்றமில்லை, லேப்டாப்மேலும் குற்றமில்லை. பாக்ஸுக்கு அந்தப் பக்கம்தான் அறுகிறது. அந்தத் திரையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஜன்னலும் ஒன்றாக நின்றால், அல்லது முதல் ஜன்னலில் 3, 4 என்று இருந்த எண் திடீரென்று 300, 900 என்று எகிறினால், உங்கள் அறைக்கும் ரேழிக்கும் நடுவில்தான் கோளாறு. லைன்காரர் சொன்னது பாதி உண்மை. பாக்ஸே அணைந்து எழுந்தாலும் இரண்டும் ஒன்றாக நிற்கும் என்பதால் அந்த நேரத்தில் வீட்டில் யாரையாவது ரேழிக்கு அனுப்பி விளக்குகளைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு ஜன்னலும் நன்றாக ஓடியும் இணையப் பக்கங்கள் மட்டும் திறக்கவில்லையா? அப்போது பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் டிஎன்எஸ் சேவை படுத்துவிட்டது. வைஃபை அமைப்பில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 போட்டால் தீர்ந்துவிடும்.

நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், இரண்டு ஜன்னலும் ஒன்றாக நிற்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காரணங்கள் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. நீங்கள் போகிறபோக்கில் எழுதிய விஷயங்கள் அவை.

முதலாவது, வீடு. ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, அப்புறம் கொல்லைப்பக்க அறை என்று ஒரே நேர்க்கோட்டில் நீளும் பழைய வீடு. சுவர்கள் தடிமனான செங்கல். வீட்டு வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் வருகிறது: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். ஐந்து வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சீக்கிரம் சோர்ந்துவிடும். இரண்டரைக்குச் சற்றுக் குறைவானது சுவரை ஓரளவு துளைத்துப் போகும். ஆகவே இத்தனை சுவர் தாண்டி உங்கள் அறைக்கு வருவது அநேகமாக 2.4தான். விண்டோஸ் அமைப்புகளில் உங்கள் வைஃபை பெயரைத் தட்டி ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பாருங்கள். ‘நெட்வொர்க் பேண்ட்’, ‘நெட்வொர்க் சேனல்’ என்று இரண்டு வரிகள் இருக்கும். நான் சொல்வது சரியா என்று அங்கே தெரிந்துவிடும். கூடத்துச் சுவரோரம் நிற்கும் இரும்பு பீரோவையும் எழுதியிருக்கிறீர்கள். அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி வேறு. இரும்புத் தகடும், கண்ணாடியின் பின்னால் பூசிய உலோகப் பூச்சும் இந்த அலைகளைத் திருப்பி அனுப்பிவிடும். பாக்ஸுக்கும் உங்களுக்கும் நடுவில் பீரோ நிற்கிறதென்றால் அதை நகர்த்துவதே ஒரு நல்ல வைத்தியம்.

இரண்டாவது, பக்கத்து வீடுகள். உங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். நன்றாக யோசித்துப் பாருங்கள்: கொல்லைப்பக்க அறையில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு, உங்கள் ரேழியில் இருக்கும் ரவுட்டரைவிடப் பக்கத்து வீட்டு ரவுட்டர் அருகில் இருக்கக்கூடும். இந்தியாவில் 2.4 அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று 2005-இல் மத்திய அரசு திறந்துவிட்டது. நல்ல காரியம்தான், அது இல்லாவிட்டால் வீட்டு வைஃபையே இல்லை. ஆனால் அதன் மொத்த அகலமே 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். அதற்குள் 1 முதல் 13 வரை சேனல்கள் ஐந்து மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. ஒவ்வொரு ரவுட்டரும் பிடித்துக்கொள்ளும் இடமோ ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ். அதனால் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். பேசுவதற்கு முன் வேறு யாரும் பேசுகிறார்களா என்று காதுகொடுத்துக் கேட்டு, காத்திருந்து பேசுவதுதான் வைஃபையின் முறை. ஒரே சேனலில் இருக்கும் இரண்டு வீட்டு ரவுட்டர்கள் முறை வைத்துப் பேசிக்கொள்ளும். வேகம் குறையும், அவ்வளவுதான். ஆனால் ஒருவர் 6-இலும் இன்னொருவர் 4-இலும் இருந்தால் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது, வெறும் இரைச்சலாகத்தான் விழும். அது மோசம். செல்போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு அந்த அறையிலேயே பாருங்கள். எந்தச் சேனலில் எத்தனை வீடுகள் என்று காட்டும். 1, 6, 11 மூன்றில் எது காலியோ அதை ரவுட்டர் அமைப்பில் நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள். சேனல் அகலத்தையும் 40-இலிருந்து 20-க்கு இறக்கிவிடுங்கள். நெரிசலான தெருவில் அகலத்தைக் கூட்டி வைப்பது யாருக்கும் நல்லதில்லை.

மூன்றாவது விஷயத்தைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “வகுப்புகளை எல்லாம் வெளியே செருகும் ஹார்ட் டிஸ்கில் பதிவு செய்து பிள்ளைகளுக்கு அனுப்புகிறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த டிஸ்க் யுஎஸ்பி 3 வகையா? செருகும் இடத்தின் உள்பக்கம் நீலநிறமாக இருந்தால் அநேகமாக அதுதான். யுஎஸ்பி 3 வயரில் தகவல் ஓடும்போது அதிலிருந்து கசியும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வட்டாரத்திலேயே விழுகிறது. இது ஊகமில்லை, இன்டெல் நிறுவனமே 2012-இல் அளந்து பார்த்து ஓர் அறிக்கையாக வெளியிட்டது. டிஸ்க் லேப்டாப்பை ஒட்டி இருக்கிறது. லேப்டாப்பின் வைஃபை ஆண்டெனா பெரும்பாலும் திரையின் ஓரத்தில் இருக்கிறது. ரேழியிலிருந்து வரும் சிக்னலோ ஏற்கெனவே மெலிந்துபோய் வருகிறது. அந்த மெலிந்த சிக்னலை மூழ்கடிக்க இந்த இரைச்சல் போதும். கடைக்காரர் தன் கடையில் சோதித்தபோது ஏன் கோளாறு வரவில்லை, வகுப்பு நேரத்தில் மட்டும் ஏன் வருகிறது என்பதற்கெல்லாம் இது பொருந்துகிறது. அவர் கடையில் உங்கள் ஹார்ட் டிஸ்க் இல்லை.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். முதல் ஜன்னலில் பிங் ஓடட்டும். டிஸ்கைச் செருகி ஒரு பெரிய வீடியோவை அதில் காப்பி செய்யுங்கள். காப்பி ஓடும்போது எண்கள் எகிறி, நிறுத்தியதும் அடங்கினால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு பதிவை லேப்டாப்பின் உள்ளேயே வைத்துக்கொண்டு, வகுப்பு முடிந்தபின் டிஸ்குக்கு மாற்றுங்கள். நீங்கள் சொல்லும் புளூடூத் ஹெட்போனும் இதே 2.4 வட்டாரத்தில்தான் தாவித் தாவிப் பேசுகிறது. வயர் வைத்த சாதாரண ஹெட்போனுக்கு மாறுங்கள். பாட்டுக்கு அதுதான் உகந்தது. தாமதமும் குறையும், ஒலியும் முழுசாக வரும்.

இதே இடத்தில் இன்னொன்றையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். “தம்புரா சுருதி விட்டு விட்டுக் கேட்கிறதாம்” என்று எழுதியிருக்கிறீர்களே, அது வைஃபை கோளாறே இல்லாமல் இருக்கலாம். வீடியோ வகுப்பு மென்பொருள்கள் பேச்சுக்காக எழுதப்பட்டவை. மின்விசிறி இரைச்சல் மாதிரி மாறாமல் தொடரும் ஒலி எதுவானாலும் அதை இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும். தம்புராவும் அதற்கு அப்படித்தான் கேட்கிறது. ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் சுருதி நிற்காது. சங்கீதம் சொல்லித்தரும் ஒவ்வொருவரிடமும் இதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. சுருதி அறுந்து கேட்கும் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு பாடும்?

சரி, நிரந்தரத் தீர்வு. மேலே சொன்ன சோதனைகளில் வைஃபைதான் காரணம் என்று உறுதியானால், கொஞ்சம் செலவு செய்யலாம். ஆனால் எதற்கு என்பது முக்கியம். கடையில் முதலில் ‘ரிப்பீட்டர்’ ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். சுவரில் செருகினால் போதும் என்பார்கள். விலை குறைந்த ரிப்பீட்டர், கேட்பதையும் திருப்பிச் சொல்வதையும் ஒரே ரேடியோவில் மாற்றி மாற்றிச் செய்வதால் வேகம் பாதியாகக் குறையும். அதைவிட, மெலிந்த சிக்னல் வரும் அறையில் வைத்தால் மெலிந்ததைத்தான் திருப்பிச் சொல்லும். பாட்டு வகுப்புக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ரேழி பாக்ஸிலிருந்து கொல்லைப்பக்க அறை வரை ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். இதைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன். ஒரே கேபிள் 100 மீட்டர் வரை போகலாம். உங்கள் வீடு எவ்வளவு நீளமானாலும் அதற்குள் அடங்கிவிடும். ‘கேட் 6’ என்று கேளுங்கள், முழுச் செம்புதானா என்றும் கேளுங்கள். அலுமினியக் கம்பிமேல் செம்பு முலாம் பூசியதும் அதே பெயரில் விற்கிறது. மின்சார வயரோடு சேர்த்து ஒரே பைப்பில் கொண்டுபோக விடாதீர்கள். இழுத்து முடித்ததும் கேபிளை லேப்டாப்பில் செருகி, இணைப்பு வேகம் 1000 என்று காட்டுகிறதா, 100 என்று காட்டுகிறதா பாருங்கள். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். 1000-க்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100-க்கு இரண்டு போதும். பாக்ஸும் லேப்டாப்பும் 1000 தாங்கக்கூடியவையாக இருந்தும் 100 என்று காட்டினால், முனையைக் கிரிம்ப் செய்தவர் ஏதோ ஒரு கம்பியைச் சரியாகப் பதிக்கவில்லை. ஆள் வீட்டில் இருக்கும்போதே பார்த்துச் சொல்லுங்கள்.

லேப்டாப்பில் லேன் கேபிள் செருகும் இடம் இல்லாவிட்டால் யுஎஸ்பி வழியாகச் செருகும் சின்ன அடாப்டர் கிடைக்கும். வகுப்புக்கு நேராகக் கேபிள், அந்த அறையின் போன்களுக்குக் கேபிளின் முனையில் ஒரு தனி ரவுட்டர் என்று வைத்தாலும் சரிதான். அப்படி வைத்தால் அந்த இரண்டாவது ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ நிலையில் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் அது தனக்கென்று ஒரு குட்டி வலையமைப்பை உண்டாக்கி, தானே முகவரி கொடுக்கத் தொடங்கிவிடும். அப்போது ரேழியில் இருக்கும் கம்ப்யூட்டர், கொல்லைப்பக்கம் இருக்கும் பிரிண்டரைத் தேடித் தேடிக் காணாது. வீட்டில் புது ரவுட்டர் வந்த நாளிலிருந்து பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று எழுதியிருக்கும் மற்ற வாசகர்களும் முதலில் இதைப் பாருங்கள். அடுத்ததாக, போனும் பிரிண்டரும் ஒரே வைஃபை பெயரில் இருக்கின்றனவா, ஏதாவது ஒன்று ‘கெஸ்ட்’ பெயரில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கெஸ்ட் என்பது விருந்தாளிகளை வீட்டுக் கருவிகளிடம் அண்ட விடாமல் பிரித்து வைப்பதற்கென்றே உள்ளது.

லேப்டாப்பின் பக்கம் தவறே இருக்காது என்று நான் சொல்லவில்லை. பழைய லேப்டாப்களில் சில, 5 கிகாஹெர்ட்ஸைக் கேட்கும் திறனே இல்லாதவை; அந்த வைஃபை பெயர் பட்டியலில் வரவே வராது. பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று விண்டோஸ் வைஃபை கார்டைத் தூங்க வைத்துவிடுவதும் உண்டு. டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ பகுதியில் உள்ள டிக்கை எடுத்துவிட்டால் நிற்கும். விண்டோஸைப் புதிதாகப் போட்ட லேப்டாப் என்பதால், வைஃபை டிரைவரை லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுத்துப் போட்டார்களா என்றும் கடைக்காரரிடம் கேளுங்கள். இன்னும் ஒன்று, வலது மூலையில் தேதி சரியாக இருக்கிறதா பாருங்கள். பழைய கம்ப்யூட்டர்களில் உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்தால் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். அப்போது வங்கி, மெயில் எல்லாம் ‘பாதுகாப்பில்லை’ என்று திறக்க மறுக்கும். மனிதர்கள் வைஃபையைப் பழி சொல்வார்கள்.

ஓர் எச்சரிக்கை. போனில் யாராவது “ரீசெட் பண்ணுங்கம்மா” என்று சொன்னால், அணைத்துப் போடுவதைச் சொல்கிறார்களா, பாக்ஸின் பின்னால் ஊசித்துளைக்குள் குத்துவதைச் சொல்கிறார்களா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். துளைக்குள் குத்தினால் உள்ளே இருக்கும் அமைப்புகள் எல்லாம் அழிந்துவிடும். பல நிறுவனங்கள் இணைப்புக்கென்று தனி யூசர்நேமும் பாஸ்வேர்டும் பாக்ஸுக்குள் போட்டுத்தான் தருகின்றன. அவை போய்விட்டால் ஆள் வந்து மறுபடி போடும்வரை வீட்டில் எதுவும் இல்லை. நீங்கள் செய்ய வேண்டியது ஸ்விட்சை அணைத்து, அரை நிமிஷம் பொறுத்துப் போடுவது மட்டும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. லைன்காரர் ரேழியில் அளந்து காட்டிய வேகம் டவுன்லோடு. உங்கள் முகமும் குரலும் வெளியே போவது அப்லோடு. வகுப்புக்கு அது இரண்டு மூன்று மெகாபிட் இருந்தாலே போதும், ஆனால் சீராக இருக்க வேண்டும். வீட்டில் யாருடைய போனாவது அந்த நேரத்தில் அன்றைய புகைப்படங்களையெல்லாம் மேகச் சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டிருந்தால் அப்லோடு பாதை நிரம்பி, உங்கள் குரல் வரிசையில் நிற்கும். இரண்டாவது ஜன்னலில் எண்கள் சில நூறுகளுக்கு ஏறி, அங்கேயே நிற்பதைப் பார்த்தால் இதைச் சந்தேகப்படுங்கள். பேச்சு இயல்பாக நடக்க ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. தூர தேசத்து மாணவிக்குப் பாதி அளவு கடல் தாண்டுவதிலேயே செலவாகிவிடும். மீதியை வீட்டுக்குள் வீணாக்கக் கூடாது. சேர்ந்து தாளம் போட்டுப் பாடுவது எந்த இணைப்பிலும் சரிவராது. நீங்கள் பாடி, அவர்கள் கேட்டுப் பாடும் பழைய முறைதான் இதற்கும் ஏற்றது.

சோதனையில் லைன்தான் அறுகிறது என்று தெரிந்தால், நிறுவனத்துக்குப் போன் செய்யும்போது ‘நெட் வரலை’ என்று சொல்லாதீர்கள். “ரவுட்டருக்குப் பிங் போகிறது, வெளியே போகவில்லை, இத்தனை மணிக்கு நின்றது, இத்தனை மணிக்கு வந்தது, படம் இருக்கிறது” என்று சொல்லுங்கள். கட்டாயம் புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2012-இல் கொண்டுவந்த விதிகளின்படி புகாருக்கு எண் தர வேண்டியது அவர்கள் கடமை. தீர்வு திருப்தியாக இல்லாவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் போகவும் உங்களுக்கு உரிமை உண்டு. அந்த எண் இல்லாமல் மேல்முறையீடு நகராது.

அடுத்த வகுப்புக்கு முன்னால் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவைத்துவிட்டு இரண்டு ஜன்னலையும் திறந்து வையுங்கள். எது நின்றது, எந்தச் சேனலில் இருந்தீர்கள் என்ற இரண்டு தகவலை மட்டும் எழுதுங்கள். கேபிள் இழுப்பதா, சேனலை மாற்றினால் போதுமா, நிறுவனத்துக்குப் புகார் எழுதுவதா என்று அதை வைத்து அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.

அன்புடன்.